சூப்பை மட்டும் வைத்துவிடுங்கள்

பிரேக் கிறீச்சிட்டது. அடுத்த நொடி தகரம் தகரத்தோடு மோதிய சத்தம். அப்பாவின் தலைமாட்டில் ஊதுபத்தி மாற்றிக்கொண்டிருந்த சனாயேவின் கையில் இருந்த பத்தி இரண்டாக ஒடிந்து பாயில் விழுந்தது.

"யாருடா அது, சாவு வீட்டு வாசல்ல?" ஃபுமி அத்தை சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். அத்தை அப்பாவின் அக்கா. நேற்று மாலை வந்ததிலிருந்து வீட்டின் ஆட்சி அவள் கையில்தான்.

சனாயே கதவை நகர்த்திப் பார்த்தாள். காலையிலிருந்து பெய்த ஈரப்பனியில் முற்றம் சேறாகக் கிடந்தது. அண்ணன் தொமோகியின் காரில் முட்டிக்கொண்டு ஒரு டெலிவரி பைக் சாய்ந்து நின்றது. பைக்கின் பின்னால் ஸ்பிரிங்கில் தொங்கிய தகரப் பெட்டி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி கடைக்காரர் கமாத்தா நின்றார். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, காலில் மட்டும் கடையில் போடும் வெள்ளை ரப்பர் பூட்ஸ்.

"சிந்தல," என்றார் மூச்சிரைக்க. "ஒரு சொட்டு சிந்தல."

தொமோகி வெளியே வந்து முதலில் காரைப் பார்த்தான், பிறகு பெட்டியை. "என்ன மாமா இது? யார் ஆர்டர் பண்ணது?"

"யாரும் பண்ணல தம்பி. அண்ணனுக்குக் கொண்டு வந்தேன். தலைமாட்டுல வைக்க."

பெட்டியின் மூடியைக் கமாத்தா மேலே தூக்கினார். பன்றி எலும்பும் காய்ந்த நெத்திலியும் சோயாவும் கொதித்த வாசனை, ஊதுபத்திப் புகையைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தது.

ராமென். சூடான சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ்.

விடிந்ததும் ராமென் கடைக்குப் போவது இந்த ஊர்க்காரர்களுக்குப் பல் துலக்குவது மாதிரி. மற்ற ஊர்களில் குடித்துவிட்டு வருகிறவர்கள் ராத்திரியில் சாப்பிடுவதை, கித்தகத்தாவில் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் சாப்பிடுவார்கள். அப்பா மொரிஹிகோ பஸ் டிரைவர். முதல் பஸ்ஸை ஸ்டேஷனில் விட்டுவிட்டு நேராகக் கமாத்தாவின் கடையில் போய் உட்காருவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து, டாக்டர் உப்பைத் தொடக்கூடாது என்று சொன்னபோதுதான் போனது. அப்பா வீட்டில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் அம்மாதான் இறங்கி வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் போங்க. சனாயே கூட வருவா. நூடுல்ஸைச் சாப்பிடுங்க, கறியைச் சாப்பிடுங்க. சூப்பை மட்டும் வெச்சுடுங்க. உப்பு பூரா அதுலதான் இருக்கு."

"நீயும் வாயேன்."

"நானா? உங்களை ஆஸ்பத்திரியில படுக்க வெச்ச கடை அது. அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன்."

மிதிக்கவும் இல்லை. திருவிழா ஊர்வலம் கமாத்தா கடையைத் தாண்டும்போது அம்மா எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போனதை ஊரே பார்த்துச் சிரித்தது. வீட்டில் மிசோ சூப்பை உப்பில்லாமல் தண்ணீர் மாதிரி வைத்தாள். ஊறுகாய் ஜாடியைத் தூக்கி அண்டை வீட்டுக்குக் கொடுத்தாள். புதன்கிழமைதோறும் அவளே காரை எடுத்து அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். சீட்டு வாங்க முதல் ஆளாய் நிற்க வேண்டும் என்று இருட்டோடு கிளம்பிவிடுவாள். ஆஸ்பத்திரி என்றாலே முகம் சுளிக்கிற அப்பா, அந்தப் புதன்கிழமைக்கு மட்டும் ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. திரும்பி வந்தால் இரண்டு பேருக்கும் காலைச் சாப்பாடு இறங்காது.

நேற்று மதியம் அப்பா தோட்டத்தில் இருந்தார். பனிக்காலம் வருமுன் மரக்கிளைகள் பாரத்தில் முறியாமல் வைக்கோல் கயிற்றால் தூக்கிக் கட்டுவார்கள். சீமைப்பனிச்சை மரத்தில் பாதி கட்டியிருந்தார். ஏணி விழுந்த சத்தம் கேட்டு அம்மா ஓடியபோது கையில் கயிற்றோடு கிடந்தார். இன்னொரு மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாம் முடிந்த பிறகு, எதையாவது கேட்க வேண்டுமே என்பது போல் கேட்டார்.

"உப்பு கட்டுப்பாட்டுல இருந்ததா?"

"வீட்டுல நான் ஒரு கல்லு கூட விடல," என்றாள் அம்மா. பிறகு சனாயேவைப் பார்த்தாள். "கடையில?"

"சூப்பை வெச்சுட்டாரு," என்றாள் சனாயே.

அது பொய். சொன்னதிலிருந்து அது அவள் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் குத்தியது.

"கொண்டு போங்க மாமா," தொமோகி கையை நீட்டி வழியை மறித்தான். "இந்த எழவு சூப்பாலதான் அவரு போனாரு. அதையே தலைமாட்டுல வைக்கணுமா?"

"தம்பி, அப்படிச் சொல்லாத..."

"வேற எப்படிச் சொல்றது? இதயம் கெட்ட மனுஷன் வந்து உட்கார்ந்தா, காசைப் பார்க்காம 'போயிடு'ன்னு சொல்லியிருக்கணும் நீங்க."

கமாத்தாவின் முகம் சிவந்தது. ஊர் பேஸ்பால் அணியில் அப்பா பந்து வீச, இவர்தான் பிடிப்பவர். நாற்பது வருடப் பழக்கம். "காசா? உங்கப்பனை மாதிரி ஒரு ஆளு இந்த ஊருல கிடையாது தெரியுமா? நான் கொதிக்க வெச்சதை மதிச்சவன்டா அவன். கிண்ணத்தை எடுத்தான்னா..."

"மாமா!" சனாயே கத்தினாள். தன் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நூடுல்ஸ் ஊறிடும். முதல்ல உள்ள வாங்க."

தொமோகி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். சைத்தாமாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை அவனுக்கு. பாதிப் பேச்சு நின்றுபோனால் மீதியைத் தோண்டாமல் விடமாட்டான். "இரு. அவரு என்னவோ சொல்ல வந்தாரு. மாமா, நேராக் கேக்கறேன். எங்கப்பா சூப்பைக் குடிச்சாரா, வெச்சாரா?"

பனி சொத்சொத்தென்று விழுந்தது. கூடத்தின் வாசலில் அம்மா கினுயோ வந்து நின்றாள். கறுப்பு உடுப்பின் மேல் சமையல் ஏப்ரன். கண் வீங்கியிருந்ததே தவிர முகத்தில் வேறு எதுவும் இல்லை. சனாயே கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இப்போது கமாத்தா உண்மையைச் சொன்னால், நேற்று டாக்டர் முன்னால் அவள் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அம்மா தன்னைப் பார்க்கிற பார்வையை வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டும்.

கமாத்தா சனாயேவைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார். பிறகு தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்தார்.

"வெச்சுடுவாரு," என்றார். "பாதிக்கு மேலயே வெச்சுடுவாரு. எனக்குக்கூட வருத்தமா இருக்கும்."

பூட்ஸைக் கழற்றிய கமாத்தாவின் ஒரு சாக்ஸில் ஓட்டை இருந்தது. கட்டை விரலை மடக்கி அதை மறைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அடக் கொடுமையே," அத்தை மூக்கைப் பிடித்தாள். "எடுக்கிற வரைக்கும் கறி மீன் ஆகாதுன்னு நான் சாறுல நெத்திலி கூடப் போடாம சமைக்கிறேன். பன்னியை வேக வெச்சுக் கொண்டு வந்திருக்கியே கமாத்தா. பிக்கு வந்தா என்ன சொல்லுவாரு?"

"சாப்பிடப் போறது நாம இல்லையே அக்கா," என்றாள் அம்மா. "வைங்க தம்பி."

அப்பா வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தார், முகத்தில் வெள்ளைத் துணி. தலைமாட்டில் குவித்து வைத்த சோறும் அதில் செங்குத்தாகக் குத்திய, சாப்பிடும் குச்சிகளும். அதற்குப் பக்கத்தில் கமாத்தா கிண்ணத்தை வைத்தார். வெங்காயத்தாளும் மூங்கில் குருத்தும் கறித்துண்டுகளும் அவர் அடுக்கின அடுக்கு கலையாமல் இருந்தன. மண்டியிட்டுக் கும்பிட்டவர், குனிந்த தலையை நிமிர்த்த வெகுநேரம் பிடித்தது.

"ஆறிடும் அண்ணே," என்றார் துணி மூடிய முகத்திடம். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கிளம்பும்போது வாசலில் அம்மா அவருக்கு ஒரு துண்டு கொடுத்தாள், முகம் துடைக்க. "மன்னிச்சுடுங்க அண்ணி," என்றார். "விடுங்க தம்பி," என்றாள் அம்மா. எதற்கு மன்னிப்பு, எதை விட வேண்டும் என்று சனாயேவுக்குப் புரியவில்லை. கார் பம்பர் நசுங்கியதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்டை அயலார் இரண்டும் மூன்றுமாக வரத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு அம்மாள் பாயில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "பஸ்ல ஏறும்போது படி வழுக்கும், படி வழுக்கும்னு மறுபடியும் மறுபடியும் சொல்லுவாரே..."

"ஷ்ஷ்!" அத்தை பாய்ந்தாள். "அந்த வார்த்தையை எடுக்காத! சாவு வீட்டுல 'மறுபடியும்'னு சொல்லலாமா? இன்னொரு சாவை வா வான்னு கூப்பிடற மாதிரி."

எதிர்வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சனாயே தேநீர்த் தட்டைப் பாயில் இறக்கி வைத்தாள்.

அவள் கண் தானாகத் தலைமாட்டுக்குப் போனது.

இந்த வசந்தத்தில் கமாத்தா கடைக் கிண்ணங்களை எல்லாம் மாற்றினார். பழையவை விளிம்பு உடைந்துவிட்டன. புதிய கிண்ணத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா நூடுல்ஸை முடித்துவிட்டுக் குச்சியை வைத்தார். வைத்தவர் குனிந்து சூப்புக்குள் உற்றுப் பார்த்தார்.

"சனாயே, அடியில நீலமா என்னவோ எழுதியிருக்கு."

"மாமாவைக் கேளுங்க."

"கேட்டா சொல்ல மாட்டேன்," அடுப்புக்குப் பின்னாலிருந்து கமாத்தா சிரித்தார். "குடிச்சவனுக்குத்தான் தெரியும்."

"அப்பா, வேணாம்."

"படிக்கத்தான்டி போறேன். படிக்கறது உடம்புக்குக் கெடுதலா?" கிண்ணத்தை இரண்டு கையிலும் ஏந்தி, முகம் உள்ளே மறைய மறைய, கடைசிச் சொட்டு வரை குடித்தார். கீழே வைத்தபோது நெற்றியில் வியர்வை மின்னியது. கிண்ணத்தின் அடியில் நீல எழுத்து: மறுபடியும் வாங்க.

"பார்த்தியா? கூப்பிடறாங்க. இவ்வளவு மரியாதையாக் கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?"

சின்னப் பையன் மாதிரி சிரித்தார். மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் படித்தார். வீடு திரும்பும் வழியில் கோயில் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு, அவள் முகத்துக்கு நேரே "ஹா" என்று ஊதி, "வாசனை இருக்கா?" என்பார். வாசலில் அம்மா "சூப்?" என்று கேட்பாள். "வெச்சுட்டாரு" என்பாள் இவள். அப்பாவும் இவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்காரும்போது அப்பாவின் கணுக்காலைப் பார்த்தாள். சாக்ஸ் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. வீங்கியிருந்தது. "இன்னைக்கு வேணாமேப்பா" என்றாள். "இன்னைக்கு மட்டும்" என்றார். அவள் வேறு பக்கம் திரும்பிச் சுவரில் இருந்த விலைப் பலகையைப் படித்தாள்.

அந்த வார்த்தை இப்போது அப்பாவின் தலைமாட்டிலேயே இருக்கிறது. கமாத்தா பாவம், யோசித்திருக்க மாட்டார். அவர் கடையில் வேறு கிண்ணமே கிடையாது. இருபது பேர் வந்து போகிற கூடத்தில், யாரும் எடுக்கக் கூடாத ஒரு வார்த்தை சூப்புக்கு அடியில் கிடந்தது. சனாயே எட்டிப் பார்த்தாள். நூடுல்ஸ் ஊறி ஊறிப் பருத்துக்கொண்டிருந்தது. சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தது. சூப் விளிம்பிலிருந்து ஒரு விரலளவு இறங்கிவிட்டது.

பிக்கு வந்தார். உட்கார்ந்ததும் மூக்கு விரிந்தது. கிண்ணத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அவரும் காலையில் கமாத்தா கடையில் ஓரத்து நாற்காலியில் உட்காருகிறவர்தான்.

"பருவம் மாறுது பாருங்க," என்றார். "எனக்கு ஒரே ஜலதோஷம். ஒரு வாசனையும் தெரியல."

சொல்லிவிட்டு மணியைத் தட்டினார். எதிர்வீட்டு அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அழுகிறாள் என்று நினைத்து அத்தை அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஓதி முடித்து பிக்கு போனதும், சாயங்காலம் சவப்பெட்டி வரும் என்று தொமோகி சொன்னான். சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். சற்று நேரம் கழித்து சனாயே தேநீர் கொண்டுபோனபோது அவன் ஏணியை நிமிர்த்தி வைத்து, கறுப்புக் கோட்டோடு சீமைப்பனிச்சையில் ஏறியிருந்தான். அப்பா விட்ட இடத்திலிருந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் போட்ட முடிச்சு ஒவ்வொன்றும் நழுவியது.

"ஓபோன் பண்டிகைக்கு வான்னு அப்பா போன் பண்ணாரு," என்றான் கீழே பார்க்காமல். "ரெண்டு வருஷமா. வேலை இருக்குன்னேன்."

"இறங்குண்ணா. வழுக்கும்."

"அந்த ஆளு மேல கத்தியிருக்கக் கூடாது. சூப்பைத்தான் வெச்சுட்டாரே. அப்புறம் யார் மேல கத்தறது?" மூக்கை முழங்கையில் துடைத்தான். "நீ கூட இருந்து பார்த்துக்கிட்ட. நான் அதுகூடப் பண்ணல."

தேநீரை ஏணியின் கடைசிப் படியில் வைத்துவிட்டு சனாயே வேகமாக உள்ளே வந்தாள். கூடத்தில் யாருமில்லை. அத்தை முன்னறையில் எதிர்வீட்டு அம்மாளுக்கு இன்னும் சொல்லக் கூடாத வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சனாயே கிண்ணத்தை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. மேலே கொழுப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. சமையலறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியின் ஓரத்தில் வைத்தாள். கொட்டிவிடலாம், கொட்டிக் கழுவிக் கவிழ்த்துத் துணி போட்டு வாசலில் வைத்தால் நாளைக் காலை கமாத்தா எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாருக்கும் தெரியாது. வார்த்தையும் தெரியாது, வேறு எதுவும் தெரியாது.

கை எழவில்லை.

பின்னால் காலடி. அம்மா. ஏப்ரனை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் வந்து நின்று கிண்ணத்தைப் பார்த்தாள். ஒரு வெங்காயத்தாள் துணுக்கு விளிம்பில் ஒட்டியிருந்தது. அதை ஒற்றை விரலால் உள்ளே தள்ளினாள்.

"அம்மா," என்றாள் சனாயே. முள் மேலே வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை கடையில... நான் டாக்டர்கிட்ட சொன்னது..."

அம்மா குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் மீதி முழுகிப்போனது. முன்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"உடம்பால மறைச்சுக்கிட்டுக் கொட்டு. அடியில நீல எழுத்துல 'மறுபடியும் வாங்க'ன்னு இருக்கும், உங்க அத்தை கண்ணுல பட்டுடப் போகுது."